புலியூர்க் கோட்டத்துக் குன்றுகளும் அவற்றின் பெயர்களும்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் முதலிய ஊர்கள் அமைந்த பகுதி, ஏரியும் வயலுமாகப் பரந்து கிடந்த சமவெளி. அவ்வெளியில் வாழ்வார்க்கு மலை என்பது தென்கீழ்த் திசையில் வானடியில் தோன்றும் ஒரு நீலக் கோடே. செம்பரம்பாக்கத்து ஏரிக்கரைமீது நின்று நோக்கின் அக்கோடு தனித்தனிக் குன்றுகளாகப் பிரிந்து தோன்றும். குன்றத்தூர், திருநீர்மலை, பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை எனத் தொடரும் அக்குன்றுகளுள் ஒரு முற்பகலில் ஏறி இறங்க இயலாதது ஒன்றும் இல்லை. விடியற்காலையில் ஞாயிற்றின் தோற்றம் காண்டற்பொருட்டு அவற்றின்மீது ஏறும் இளைஞர் இந்நாளிற் பலர். அக்காட்சியின் சிறப்பை ஈண்டு விரித்துரைக்கப் புகுந்திலேம். அக்குன்றுகள் தாங்கி நிற்கும் பெயர்களையும், அப்பெயர்களின் கீழ் மறைந்து கிடக்கும் வரலாற்றையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஊர்ப்பெயர் விருப்பத்தால் மட்டும் மேற்கொண்ட ஆராய்ச்சியன்று. ஒரு குன்றின் பெயரை அறுதியிட்டுவிட்டால் அக்குன்று எச்சமயத்தார்க்கு உரியது என்பதும் அறுதியாகிவிடும் என்னும் எண்ணம் இக்காலத்துப் பரவி வருகின்றது. பெயர் அத்தகைய சான்றாக நிற்கவல்லதா என்பதை ஆராய்தல் தமிழ்த்துறையார்க்கு உரிய பணி. நூல்களில் கண்டவற்றை நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கருதி, பூவிருந்தவல்லியில் தொடங்கி ஐந்து குன்றுகளையும் அடுத்தடுத்து ஏறிக் கண்டோம்.

தொண்டைமண்டலம் இருபத்து நான்கு கோட்டங்களை உடையது என்பது மரபு. அவற்றுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டம், இன்றைய கோடம்பாக்கத்தை அடுத்த புலியூரால் பெயர் பெற்றது என்பர். மயிலாப்பூர், திருவான்மியூர் ஆகிய கடற்கரை ஊர்களும், மேற்கே குன்றத்தூரும் அக்கோட்டத்தைச் சேர்ந்தனவாகவே கல்வெட்டுகளிற் குறிக்கப்பெறுகின்றன. யாம் கண்ட குன்றுகள் யாவும் இவ்விரு எல்லைகட்கு இடையே கிடப்பன.

முதற்கண் குன்றத்தூர். குன்றம் என்னும் சொல் அத்துச் சாரியை பெற்று ஊர் என்பதனோடு புணர்ந்த பெயர் இது, ஐயத்திற்கு இடமில்லை. ஊர்க்கே அன்றிக் குன்றத்தூர் நாடு என ஒரு நாட்டிற்கும் இச்சிறு குன்று பெயர் தந்தது. நூற்றுக்கும் குறைந்த படிகளை ஏறி முடித்தவுடன் முருகன் கோயிலை அடைந்துவிடுகின்றோம். இத்துணைச் சிறிய மேடு ஒரு நாட்டின் பெயராதற்கு அதன் உயரம் காரணமாதல் இயலாது. சுற்றிலும் மேடு என்பதே இல்லாத நிலத்தில் இஃது ஒன்றே கண்ணுக்கு எல்லைக்கல்லாக நின்றது என்பதை மேலே நின்று பார்த்தபின்னரே யாம் உணர்ந்தோம்.

திருப்போரூரில் அசுரரை வென்ற முருகன் திருத்தணிகைக்குச் செல்லும் வழியில் இக்குன்றில் தங்கினான் என்பதும், அடிவாரத்தில் சிவலிங்கம் நிறுவி வழிபட்டான் என்பதும் தலபுராணச் செய்திகள். புராணத்தை வரலாறாகக் கொள்ளல் வேண்டா. ஆயின் அதன்கண் ஒரு வழி பொதிந்துள்ளது. திருப்போரூருக்கும் திருத்தணிகைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் குன்றத்தூர் அமைகின்றது. கடலோரத்திலிருந்து தணிகைக்கு நடந்து சென்ற அடியார் கூட்டம் தங்கிய இடமே இறைவன் தங்கிய இடமாகப் பின்னர்க் கூறப்பெற்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இக்குன்றின் அடியிற் பிறந்தவரே சேக்கிழார் பெருமான். அநபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அவையில் அமைச்சராக விளங்கி, உத்தமசோழப் பல்லவராயர் என்னும் பட்டமும் பெற்று, திருத்தொண்டர் புராணம் அருளிய அவர், சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் கொண்ட பற்றினால் அப்பெயராலேயே தம் ஊரில் ஒரு கோயில் எடுத்தார். ஊர்ப்பெயர்கள் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்திற்கு நடந்து செல்வதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குன்றத்தூரினின்று தென்கிழக்கே சென்றால் திருநீர்மலை. திருமழிசையாழ்வார் பிறந்த திருமழிசையும், திருக்கச்சிநம்பிகள் தோன்றிய பூவிருந்தவல்லியும் அண்மையில் இருத்தலின் இப்பகுதி வைணவர்க்குப் பழகிய நிலம். பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் நீர்மலையைப் பாடியுள்ளனர். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்னும் நான்கும் ஓரிடத்தே அமைந்தமை இத்தலத்தின் தனிச்சிறப்பு. நின்ற கோலத்து நீர்வண்ணர் அடிவாரத்தில் உள்ளார். நரசிங்கரும், அரங்கநாதரும், உலகளந்தவரும் மேலே உள்ளனர். திருமங்கையாழ்வார் இங்கு வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது மரபுவழிச் செய்தி.

மலைமீது நின்று நோக்குவார் இச்செய்தியைப் புனைவென்று எளிதில் தள்ளிவிடார். செம்பரம்பாக்கத்து ஏரியின் மிகைநீர் அடையாற்றோடு கலப்பது இக்குன்றை அடுத்தேயாம். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழை பெய்து அவ்வேரி திறக்கப்பெற்றபோது அடையாற்றின் இருகரையும் வெள்ளக்காடாயின. ஆறு திங்கள் என்பது மிகையாயினும், நீர்மலை என்னும் பெயர் பாவலர் கற்பனையிற் பிறந்ததன்று. நிலத்தின் இயல்பைக் கண்டோர் இட்ட பெயர். இங்குத் தலபுராணம் பெயரைப் பின்பற்றி எழுந்ததா, நிலத்தைப் பின்பற்றி எழுந்ததா என வினவின், பெயர், புராணம் இரண்டுமே நிலத்தைப் பின்பற்றின என்பதே எம் விடை. இந்நல்லூழ் ஏனைய குன்றுகட்கு வாய்க்கவில்லை.

பல்லாவரம் என்பது பல்லவபுரத்தின் மரூஉ. இங்குள்ள குடைவரை, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதல் மகேந்திரவர்மன் குடைந்தது. அவ்வேந்தன் குடைவரைகளுள் சென்னைக்கு மிக அண்மையிலுள்ளது. பின்சுவரில் ஐந்து கருவறைகள் வரிசையாகக் குடையப்பெற்றுள்ளன. மகேந்திரவிக்கிரமன், மத்தவிலாசன் முதலாக அவன் பூண்ட விருதுப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் உத்திரத்தின்மீது வெட்டப்பெற்றுள்ளன. வடமொழிப் பெயர்களோடு தெலுங்கும் தமிழும் கலந்து நிற்றல் கருதத்தக்கது. செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்தமையை மண்டகப்பட்டில் பெருமிதத்தோடு பொறித்த அரசன், இரும்பினும் கடியதோ என ஐயுறத்தக்க இக்கருங்கல்லிலும் உளி நடத்தினான்.

இக்குடைவரை இப்போது இசுலாமியப் பெரியார் ஒருவரின் நினைவோடு இயைந்த வழிபாட்டிடமாக உள்ளது. இஃது அறிந்து வருந்துவார் சிலரை யாம் கண்டதுண்டு. எமக்கு அவ்வருத்தம் தோன்றவில்லை. வழிபாடு நிகழும் பாறையின்மீது எவரும் வெடிமருந்து வைப்பதில்லை. சுற்றிலுமுள்ள குன்றுகளில் விளக்கேற்றுவார் இல்லாத பாறைகள் யாவையாயின என்பதை ஏறிக் காண்பார் அறிவர். மகேந்திரனின் விருதுப்பெயர்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிலைத்திருத்தற்கு அவ்விளக்கும் ஒரு காரணம் என்று கூறுதல் தவறாகாது.

ஆயின் பல்லாவரத்தின் பழமை பல்லவரோடு தொடங்குவதன்று. 1863 மே 30-ஆம் நாள், நிலநூல் ஆய்வாளர் இராபர்ட் புரூசு பூட்டு, இங்குப் படையினர் பயிலும் வெளியை அடுத்த சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில் அவரும் வில்லியம் கிங்கும் மேலும் பல கற்கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுட் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியுள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாண்டர் இரீ என்பார் பல்லாவரத்தில் சுடுமண் ஈமப்பேழைகளையும் அகழ்ந்தெடுத்தார். கற்கருவி செய்தோரும் பேழையில் இறந்தோரை அடக்கியோரும் இவ்விடத்தை எப்பெயரால் அழைத்தனரோ! பல்லவபுரம் என்னும் பெயர் இந்நெடுங்காலத்தின் கடைசிச் சில நூற்றாண்டுகளையே நமக்குக் காட்டுகின்றது.

இனித் திரிசூலம். எம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை இதுவே. பல்லாவரத்தை அடுத்து, நாற்புறமும் குன்று சூழ்ந்த பள்ளத்தில் சிவன் கோயில் அமைந்துள்ளது. நான்கு குன்றுகளும் நான்மறைகள் என்பர்; ஊர்ப்பெயரை இறைவன் ஏந்திய முத்தலைவேலோடு பொருத்தியும் கூறுவர். ஆயின் அக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காணின், ஊர் திருச்சுரம் என்றே வழங்கப்பெற்றுள்ளது, இறைவன் திருச்சுரமுடையார். ஊர் அடங்கிய நாடு சுரத்தூர் நாடு. வானவன்மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரும் இவ்விடத்திற்கு உண்டு. எங்கும் சூலம் இல்லை.

சுரம் என்பது அருவழி, காடு, பாலைநிலத்துப் பாதை எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். கல்லும் முள்ளுமாகக் குன்றிடையே செல்லும் கடத்தற்கரிய வழி என்பதே அதன் உள்ளீடு. அச்சொல்லின் பொருளை அகராதியில் அறிந்திருந்த யாம், கோயிலினின்று குன்றின்மேல் ஏறும் ஒற்றையடிப் பாதையில் வெயிலேறிய பொழுதில் சென்றபோதுதான் அதனைக் காலால் அறிந்தோம். நிழல் தரும் மரம் அரிது, பாறை கொதிக்கின்றது, இரு குன்றுகட்கு இடையே வழி குறுகிச் செல்கின்றது. இத்தகைய இடத்திற்குச் சுரம் எனப் பெயரிட்டோர் சொல்லின் பொருள் அறிந்து இட்டனர் என்பதில் ஐயமில்லை.

திருச்சுரம் திரிசூலமானது எங்ஙனம்? திரு என்பது பேச்சுவழக்கில் திரி எனத் திரிதல் இயல்பு. ரகர லகரங்கள் ஒன்றற்கொன்று நிற்றலும் புதிதன்று. ஆயின் சுகரம் நீண்டு சூகாரமானமையை ஒலியியல் கொண்டு மட்டும் விளக்குதல் அரிது. சுரம் என்னும் சொல் வழக்கொழிந்து, கேட்போர்க்குப் பொருள் விளங்காத நிலை தோன்றியபோது, சிவன் கோயிலுக்கு இயைந்த பொருளுடைய சொல்லொன்று ஒலியொப்புமையால் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இதனைப் பொருள்வழித் திரிபு எனலாம். முதுகுன்றம் விருத்தாசலமாகவும், மறைக்காடு வேதாரணியமாகவும் மாறியவை மொழிபெயர்ப்பால் நேர்ந்தவை. அங்குப் பழம்பொருள் ஒருவாறு பிழைத்தது. திரிசூலத்திலோ ஒலி பிழைத்துப் பொருள் இறந்தது. பொருள் இறந்தபின் எழுந்த கதை அவ்வூரின் பழமைக்குச் சான்றாகாது. சுரம் என்னும் சொல் மக்கள் வாயினின்று மறைந்த காலத்திற்கே சான்றாகும்.

இவ்வளவையை உள்ளத்திற் கொண்டு பரங்கிமலைக்குச் செல்வோம். பிருங்கி முனிவர் தவஞ்செய்தமையால் இஃது பிருங்கிமலை எனப்பெற்றது என்றும், அதுவே பரங்கிமலை எனச் சிதைந்தது என்றும் கூறும் ஒரு கொள்கை உண்டு. அடிவாரத்து நந்தீசுவரர் கோயிலின் தலமரபு இதற்குச் சான்றாகக் காட்டப்பெறுகின்றது. அம்மரபு போற்றத்தக்கது; ஆயின் சொல்லாராய்ச்சி அதற்கு உடன்படுமாறில்லை. வடமொழியின் இருகார உயிர் தமிழில் பிருகு, மிருகம், பிருந்தை என்றாற்போல இகர உகரங்களோடு நிற்றலே பெருவழக்கு. பாகத வழியாக வந்த சொற்களில் அவ்வுயிர் அகரமாதலும் உண்டு. கிருட்டிணன் கண்ணன் ஆயினாற்போல. ஆயின் அவ்வழி வந்தவற்றில் ரகரம் நில்லாது. பரங்கி என்பதிலோ ரகரம் நிற்க, இகர உகரங்கள் இரண்டும் அகரமாயுள்ளன. இரு வழியும் பொருந்தவில்லை.

மற்று, பிராங்கர் என்னும் ஐரோப்பிய இனப்பெயர் அராபியர் பாரசீகர் நாவில் ஃபரங்கி என வழங்கி, தமிழில் பரங்கி எனவும் பறங்கி எனவும் வந்தது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. போர்த்துக்கேசியர் தங்கிய துறை பரங்கிப்பேட்டையாயிற்று. அயலிலிருந்து வந்த காய் பரங்கிக்காய் ஆயிற்று. அங்கெல்லாம் பிருங்கியை எவரும் தேடுவதில்லை. போர்த்துக்கேசியர் 16-ஆம் நூற்றாண்டில் கோயில் எழுப்பிய குன்றுக்கு அப்பெயர் அமைந்தமை இயல்பேயாம்.

இவ்வளவில் ஒரு கட்சியார் மகிழ்ந்து, மற்றொரு கட்சியார் வருந்துதல் கூடும். இரண்டும் வேண்டா. பரங்கிமலை என்னும் பெயரை ஏற்பதனால் அக்குன்றின் கிறித்தவத் தொடர்பு பரங்கியரோடு தொடங்கியது என முடிவு செய்தலும் பிழையே. 1547-இல் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது, குருசு செதுக்கிய கல்லொன்று கிடைத்தது. அதனைச் சுற்றி ஓர் எழுத்துத் தொடர். அது போர்த்துக்கேசியமும் அன்று, இலத்தீனும் அன்று. இடைக்காலப் பாரசீக மொழியாகிய பகலவி. 1873-இல் பர்னல் அதனைப் படித்து வெளியிட்டார். அவர்க்குப் பின்னரும் அறிஞர் பலர் வேறுவேறாகப் படித்தனர். 20-ஆம் நூற்றாண்டில் விங்குவொர்த்து கண்ட வாசகத்தின்படி, குருசைச் செதுக்குவித்தவன் தன்பால் இரங்குமாறு கிறித்துவை வேண்டும் வேண்டுதல் அது. எழுத்தமைதி கொண்டு 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுகட்கு இடைப்பட்டது என்பர். கோட்டயம் முதலிய சேரநாட்டு ஊர்களிலும் இவ்வகைக் குருசுகள் உள்ளன. எனவே, மகேந்திரன் பல்லாவரத்துப் பாறையைக் குடைந்த காலத்திற்கு அண்மையிலோ, திருமங்கையாழ்வார் நீர்மலையைப் பாடிய காலத்திற்கு அண்மையிலோ, ஒரு காத வழிக்குள் பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இக்குன்றில் வழிபட்டனர் அல்லது வழிபட்டோரோடு தொடர்பு கொண்டிருந்தனர் எனத் துணியலாம். பரங்கி என்னும் பெயர் பின்வந்தோரை நினைவிற் கொண்டு முன்வந்தோரை மறைத்துவிட்டது.

தோமையர் இம்மலையில் உயிர் துறந்தார் என்னும் மரபு இதனின் வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, மாபார் நாட்டின் சிற்றூர் ஒன்றில் அவ்வடியாரின் கல்லறை இருந்ததையும், கிறித்தவரோடு இசுலாமியரும் அங்கு வழிபடச் சென்றதையும் குறிக்கின்றார். தோமையர் செயல்கள் என்னும் பழைய சிரியநூலோ வடமேற்கு இந்தியாவில் ஆண்ட கொண்டபாரசு மன்னனைக் கூறுகின்றதேயன்றி மயிலாப்பூரைக் கூறவில்லை. மரபின் பழமையும், மரபு கூறும் நிகழ்ச்சியின் உண்மையும் வெவ்வேறு வினாக்கள். முன்னதற்கு மார்க்கோ போலோ போதிய சான்று. பின்னதற்கு அவர் சான்றாகார்.

குன்றின்மேல் ஏறுவார் கால்வைக்கும் கற்படிகள் ஆர்மீனிய வணிகராகிய பெத்துரூசு உசுக்கான் 1726-ஆம் ஆண்டளவில் அமைத்தவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது பாலம் கட்டியவரும் அவரே. மலைக்குச் செல்லும் அடியார் ஆற்றைக் கடத்தற்கு உதவிய பாலம் அது. இனிப் போர்ச் செய்திகள் உண்டு: 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இம்மலையடியிற் பொருதனர், 1769-இல் ஐதர் அலியின் படை இங்கு வந்து தங்கியபின்னரே சென்னை ஆட்சியாளர் உடன்படிக்கைக்கு இசைந்தனர். அவற்றை இவ்வளவில் விடுத்து மேற்செல்வோம்.

1802 ஏப்பிரல் 10-ஆம் நாள் வில்லியம் இலாம்டன் இம்மலையை வடமுனையாகவும், பெரும்பாக்கத்துக் குன்றைத் தென்முனையாகவும் கொண்டு அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டின்மீதே இந்திய முக்கோண நில அளவை எழுந்தது. நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்றே கருவி. சீனப் பேரரசர்க்குப் பரிசாகக் கொண்டுசென்று, ஏற்கப்பெறாமல் திரும்பிய பொருள்களுள் ஒன்று அச்சங்கிலி! இலாம்டனுக்கு மலையின் பெயரோ சமயமோ பொருட்டன்று. நெடுந்தொலைவு காணத்தக்க முடி என்பதே வேண்டியது. குன்றத்தூர்க் குன்றுக்கு ஊர்ப்பெயர் இட்ட முன்னோர்க்கும் அதுவே வேண்டியதாயிருந்தது என்பது நினைக்கத்தக்கது.

இக்குன்றுகளின் கல்லும் ஒரு பெயர் பெற்றது. கல்கத்தாவில் யோபு சார்னாக்கு என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைமீது உள்ள கல், பரங்கிமலை பல்லாவரப் பகுதிக் கல்லை ஒத்திருத்தலைக் கண்ட நிலநூலறிஞர் ஆலந்து, 1893-இல் அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கைட்டு எனப் பெயரிட்டார். உலகெங்கும் அவ்வகைப் பாறை எங்கே கிடைப்பினும் அப்பெயரே வழங்குகின்றது. பிறந்த குன்றின் பெயர் கல்லுக்கு வரவில்லை. கல் சென்று கிடந்த கல்லறைக்கு உரியவரின் பெயர் வந்தது. முன்னர்க் கண்ட பெயர் மாற்றங்கள் யாவினும் இதுவே வியப்பிற்குரியது.

கல்லறைக்குச் சென்றது சிறிதே. சாலைக்கும் கட்டடத்திற்கும் சென்றது பெரிது. திரிசூலக் குன்றுகளின் பக்கங்கள் வெட்டுண்டு செங்குத்தாக நிற்றலை இருப்புப் பாதையிற் செல்வாரும் காணலாம். பரங்கிமலையினின்று இறங்கி, பூவிருந்தவல்லிக்குத் திரும்பும் வழியில் மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தையும் கண்டோம். அங்குள்ளவை ஏறத்தக்க குன்றுகள் அல்ல. கல் எடுத்த ஆழ்ந்த குழிகள். 2017-இலும் 2019-இலும் ஏரிகள் வறண்டு சென்னை நீரின்றி வாடியபோது, அக்குழிகளில் தேங்கிய மழைநீர் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பெற்று, தூய்மை செய்யப்பெற்று நகர மக்கட்கு வழங்கப்பெற்றது. அக்குழிகளுக்கு ஊரார் இட்ட பெயர் யாதென அங்கு நின்ற முதியவர் ஒருவரை வினவினோம். கல்குட்டை என்றார்.